பனி தாண்டிய தொட்டி வாழைக்கு நார்த்தூள் கட்டி: எதை வாங்கலாம், எவ்வளவு போடலாம்?

மாசி பிறந்ததும் மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கத்து லயங்களின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் ஒரே காட்சிதான். இலையெல்லாம் கருகித் தொங்க, தண்டு மட்டும் கம்பு மாதிரி நிற்கும் தொட்டி வாழை. உரக்கடையில் போய் என்ன செய்யலாம் என்று கேட்டால் கையில் கிடைப்பது செங்கல் நிறத்தில் ஒரு சதுரக் கட்டி: 5 கிலோ நார்த்தூள். மண்ணை மாற்றி இதைப் போடுங்கள், துளிர்த்துவிடும் என்பார்கள். அந்தக் கட்டியைப் பற்றிய மதிப்புரைதான் இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் கழுவிய கட்டியாக இருக்க வேண்டும், தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, பனி முழுக்க விலகிய பிறகே போட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பனிக்குத் தப்பித்த வாழை நார்த்தூளில் அழுகிவிடும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண். குறைத்த ஒன்று, பாக்கெட்டின் மேல் அச்சடிப்பதை உள்ளே இருக்கும் சரக்கு எப்போதும் காப்பாற்றுவதில்லை என்பதற்காக.

உடுமலை, பொள்ளாச்சி கடைகளில் இதை நார்த்தூள் என்று கேட்க வேண்டும். அடிமாலி பக்கம் சகிரிச்சோறு என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பாக்கெட்டில் கோகோபீட் என்று இருக்கும். மூன்றும் ஒன்றே: தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும்போது உதிர்கிற சோறு. உலர்த்தி, ஐந்து பங்கை ஒரு பங்காக அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். 5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 70 லிட்டர் வரை பொங்கும். 650 கிராம் செங்கல் கட்டியும் விற்கிறது, எட்டு ஒன்பது லிட்டர் தரும். லிட்டர் கணக்குப் பார்த்தால் சின்னக் கட்டி எப்போதும் விலை கூடுதல்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைய உண்டு. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடும். ஈசி என்றால் மின்கடத்து திறன்; உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்திய பிறகு கட்டியாக்கினால் அது ‘லோ ஈசி’. கழுவாமல் அப்படியே அழுத்தினால் ‘ஹை ஈசி’. விலை வித்தியாசம் இந்தக் கழுவலுக்குத்தான். கழுவிய நீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்ற புகார் பொள்ளாச்சி வட்டாரத்தில் நெடுநாளாக உண்டு. 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார்த் தொழிற்கூடங்களை மாசு அநேகமாக இல்லாத வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடுதலான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆகவே கழுவிய கட்டி கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தால் பேரம் பேசிக் கழுவாததை எடுத்துவராதீர்கள். பனியில் வேர் பாதி செத்த வாழைக்கு மிச்சமிருக்கும் வேர்நுனிகளைச் சுட்டுவிடும் அளவுக்கு அந்த உப்பு போதும்.

பாக்கெட்டில் லோ ஈசி என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டிலேயே பார்த்துவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, குடிநீர் ஃபில்டருக்குப் பயன்படுத்தும் டிடிஎஸ் பேனா ஒன்று போதும். ஊறி உதிர்ந்த நார்த்தூள் ஒரு கப், மழைநீரோ ஊற்றுநீரோ ஒன்றரை கப். கலந்து அரை மணி நேரம் விட்டு, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றில் பேனாவை முக்குங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரில் மட்டும் பேனா காட்டும் எண்ணைக் கழித்த பிறகு 300க்குக் கீழே இருந்தால் அப்படியே போடலாம். 300 முதல் 700 என்றால் ஒரு கழுவல். அதற்கு மேலே என்றால் இரண்டு மூன்று கழுவல். பெரும்பாலான பேனாக்களில் 500 என்ற எண் ஒரு மில்லிசீமன்ஸ் ஈசிக்குச் சமம். கட்டியின் மேல் ஈசி 0.5 என்று போட்டிருந்தால் உங்கள் பேனா 250ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிழிந்த சாறு பால் சேர்க்காத கட்டங்காப்பி நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அது டானின். நன்றாகக் கழுவிய சரக்கிலும் வரும். நிறத்தை வைத்து உப்பைச் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. ஊறிய தூளை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையை விரியுங்கள். நல்ல சரக்கு பஞ்சு மாதிரி மெல்ல எழும்பும், விரலிடுக்கில் குட்டை நார்கள் ஒட்டும். களிமண் உருண்டை மாதிரி அப்படியே உட்கார்ந்தால் அது மாவுத்தூள். தொட்டிக்குள் போனதும் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். வாளியின் அடியில் மணல் தங்கினால் எடைக்காகக் களத்து மண்ணோடு வாரியது என்று அர்த்தம். அடுத்த முறை அந்தக் கடையை மாற்றுங்கள்.

எங்கள் குளிருக்கு வெறும் தூளைவிட மட்டைச் சில்லு கலந்த கட்டி இன்னும் நல்லது. எழுபதுக்கு முப்பது, ஐம்பதுக்கு ஐம்பது என்று தூளும் சில்லும் கலந்து பொள்ளாச்சியில் ஏற்றுமதிக்குச் செய்கிறார்கள். கேட்டால் சில கடைகளில் தருவிப்பார்கள். சில்லு இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வடியும், வேருக்கு மூச்சு கிடைக்கும். சமவெளியில் தண்ணீரைப் பிடித்து வைப்பது நார்த்தூளின் பெருமை. இரவில் பத்து டிகிரிக்கு இறங்கும் ஊரில் அதே குணம்தான் ஆபத்து, ஈரமும் குளிரும் சேர்ந்தால் வாழைக்கிழங்கு அழுகும். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பை இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கட்டியை முழுசாக ஊறப்போடாதீர்கள். 18க்கு 18 அங்குல வளர்ப்புப் பைக்கு 20 லிட்டர் தூள் போதும். ஒரு கட்டி மூன்று பைக்கு வரும். உளியோ பாரையோ வைத்துத் தட்டினால் அடுக்கடுக்காகப் பெயரும். மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காய்ந்த இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. எடுத்த பங்குக்கு எட்டு லிட்டர் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் மணிக்கணக்காகும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணிக்குள் உதிர்ந்துவிடும்.

கழுவிய சரக்கானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நார்த்தூள் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். செடிக்கு நாம் போடும் கால்சியம் முதல் இரண்டு மாதம் தூளுக்கே போய்ச் சேரும். அதற்கு முன்கூட்டியே தூளின் பசியைத் தீர்த்துவிட வேண்டும். அந்த எட்டு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, அதிலேயே தூளை ஊறவிட்டு, ஒரு இரவு கழித்துப் பழைய அரிசிச் சாக்கில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். வடிகிற தண்ணீர் ஓடைக்கோ ஊற்றுக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பஃபர்டு’ என்று போட்ட கட்டியில் இந்த வேலையை ஏற்கெனவே செய்திருப்பார்கள்.

இனி வாழை. வாழைக்கு உண்மையான உறக்கக் காலம் கிடையாது. குளிரில் நின்றுபோகிறது, சூட்டில் மறுபடி நடக்கிறது, அவ்வளவுதான். 27 டிகிரியை ஒட்டி வேகமாக வளரும். சராசரி 16க்குக் கீழே வந்தால் இலை விடுவது அநேகமாக நின்றுவிடும். செண்டுவாரை, லட்சுமி, கன்னிமலை மாதிரிப் பள்ளத்து எஸ்டேட்டுகளில் சனவரியில் புல்மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும்; அந்த ஒரு இரவு போதும், இலை வெந்த கீரை மாதிரியாகிவிடும். ஆனால் நாம் தண்டு என்று சொல்வது இலை மட்டைகளின் சுருள். உயிர் இருப்பது மண்ணுக்குள், கிழங்கின் தலைப்பில். மேலே எவ்வளவு கருகினாலும் கிழங்கு கல்லு மாதிரி இருந்தால் செடி இருக்கிறது.

எப்போது தொடங்குவது? இரவு வெப்பம் தொடர்ந்து ஒரு வாரம் 12 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்த பிறகு. மூணாறில் அது பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச் முதல் வாரம். மறையூரில் அதற்கு முன்பே தொடங்கலாம். கருகிய இலையை அதுவரை வெட்டாமல் விடுவதே நல்லது. குருத்துக்கு அதுதான் போர்வை.

வெட்டும்போது கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, மேலிருந்து இரண்டு அங்குலத் துண்டுகளாகச் சாய்வாக நறுக்கிக்கொண்டே வாருங்கள். கொழகொழப்பும் பழுப்பும் போய், கெட்டியான வெளிர் மஞ்சள் வட்டம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த வட்டத்தின் நடுவைக் கூர்ந்து பாருங்கள். நடுவிலும் சுருள் சுருளாக மட்டையும், பென்சில் பருமனில் சுருட்டிய இலையும் இருந்தால் செடி இன்னும் பூவுக்குத் தயாராகவில்லை. திரும்ப வளர்ந்து தார் போடும். நடுவில் சுருளில்லாமல் உருண்டையாக, வழவழப்பாக, வெள்ளையாக ஒன்று இருந்தால் அது சமையலுக்கு வாங்குவோமே அதே வாழைத்தண்டு. பூந்தண்டு மேலே ஏறிவிட்டது. வெட்டிய பிறகு அந்த மரம் தார் போடாது. அடியோடு வெட்டிவிட்டு, பக்கத்தில் ஈட்டி மாதிரி குறுகிய இலையோடு நிற்கும் கன்றில் ஒன்றை மட்டும் வளர்த்தெடுங்கள். அகல இலையோடு இருக்கும் நீர்க்கன்று உதவாது, அதன் கிழங்கு சிறியது.

உயிர் இருக்கிறதா என்று அறிய வெட்டுவாயே (வெட்டிய முகமே) போதும். வெட்டிய அன்று எல்லா அடுக்கும் ஒரே மட்டத்தில் இருக்கும். சமவெளியில் மறுநாளே நடுச்சுருள் விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இங்கே மூன்று நான்கு நாள் பொறுங்கள். சுற்று மட்டைகள் அப்படியே இருக்க நடு வட்டம் மட்டும் தீப்பெட்டி தள்ளியது மாதிரி கொஞ்சம் வெளியே வந்திருந்தால் மண் மாற்றும் வேலைக்குப் போகலாம். பத்து நாளாகியும் அசையவில்லை, அழுத்தினால் நீர் கசிகிறது, நாற்றம் வருகிறது என்றால் இன்னும் கீழே வெட்டிப் பாருங்கள்.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்காமல் புது மண் போடுவதில் பயனில்லை. நல்ல வேர் கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருக்கும். செத்த வேரை விரலால் உருவினால் தோல் உறை மாதிரி கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் நிற்கும். அதையெல்லாம் கிழங்கை ஒட்டி வெட்டி எடுங்கள். கிழங்கில் பென்சில் நுழையும் துளைகளும் கருமையான சுரங்கமும் இருந்தால் கூன்வண்டு. அந்தப் பகுதியை வெள்ளை தெரியும்வரை சீவி எறியுங்கள். நறுக்கிய முகத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் வாடல் நோய் என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை. சுத்தம் செய்த கிழங்கை, நோய் தடுக்கும் பாக்டீரியாத் தூளான சூடோமோனாஸை லிட்டருக்கு 20 கிராம் கணக்கில் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி, நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள்.

18 அங்குலப் பையில் விளிம்புக்குக் கீழே நான்கு அங்குலம் விட்டு நிரப்ப 60 லிட்டர் கலவை வேண்டும். நார்த்தூள் 20 லிட்டர், மண் 20 லிட்டர், நன்றாக மக்கிய சாணம் அல்லது மண்புழு உரம் 12 லிட்டர், உமிக்கரி அல்லது மட்டைச் சில்லு 8 லிட்டர். கூடவே வேப்பம் பிண்ணாக்கு 200 கிராம், எலும்புத்தூள் 100 கிராம். தேயிலைக்காட்டு மண் புளிப்பு. தேயிலைக்கு அது வேண்டும், வாழைக்கு ஆகாது. 100 கிராம் டோலமைட் சுண்ணாம்புத்தூள் கலந்துவிட்டால் புளிப்பும் தணியும், நார்த்தூளில் இல்லாத கால்சியமும் மெக்னீசியமும் சேரும். தேயிலைத் தோட்டங்களுக்கு விற்கும் அதே டோலமைட்தான். பச்சைச் சாணம் போடவே போடாதீர்கள். மக்கும்போது எழும் சூடும் அமோனியாவும் புதுவேரை வாட்டிவிடும்.

கறுப்புப் பையாக வாங்குங்கள், பகல் வெயிலில் வேர்ப்பகுதி சூடேறும். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். சிமெண்ட் தரையின் குளிர் நேரே ஏறாது, துளையும் அடைபடாது. கிழங்கின் தலைப்பு மண்மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் போதும். ஆழமாகப் புதைத்தால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கும்.

இனிச் செய்வது பெரும்பாலும் செய்யாமல் இருப்பதுதான். நட்ட அன்று இரண்டு லிட்டர் தண்ணீர். பிறகு இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் அடுத்த தண்ணீர், அதுவும் காலை பத்து மணிக்கு மேல், வெயிலில் வைத்த வாளியிலிருந்து. நார்த்தூள் மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். மேல்நிறத்தைப் பார்த்துத் தினமும் ஊற்றுவதுதான் இந்தப் பொருளைப் பற்றிய புகார்களில் பாதிக்குக் காரணம். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது.

முதல் இலை மூன்று நான்கு வாரத்தில் வரும். நுனி கத்தரியால் வெட்டியது மாதிரி மொட்டையாக இருக்கும். நோய் என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள். சுருளாக இருக்கும்போதே நாம் வெட்டிய இலை அது. இரண்டாவது மூன்றாவதிலிருந்து முழு இலை வரும். கோடைச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு இலை விட்டால் வேர் நன்றாகப் பிடித்துவிட்டது.

இரண்டாவது இலை முழுசாக விரியும்வரை உரம் வேண்டாம். பிறகு மூன்று சத்தும் சமமாக உள்ள கரையும் உரம் 19:19:19 லிட்டருக்கு 3 கிராம் வீதம், வாரம் ஒரு முறை ஒரு லிட்டர். நான்கு இலை ஆனதும் மாதத்துக்கு யூரியா 15 கிராம், இரண்டாகப் பிரித்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் நிலத்தில் நேந்திரன் அல்லாத வாழை ஒன்றுக்கு ஆண்டுக்குப் பரிந்துரைப்பது 110 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்). வாழை எவ்வளவு சாம்பல்சத்துப் பசி உள்ளது என்று இதிலேயே தெரியும். ஆனாலும் நார்த்தூள் கலவையில் முதல் இரண்டு மாதம் பொட்டாஷ் போடாதீர்கள். தூளிலேயே இருக்கிறது. மூன்றாவது மாதத்திலிருந்து மாதம் 30 கிராம் என்று தொடங்கலாம். தழைச்சத்துதான் முதலில் பற்றாமல் போகும். மக்காத நார்த்தூளில் கார்பன் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருப்பதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாம் போடும் யூரியாவில் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும்.

இலை சொல்வதைக் கவனியுங்கள். பழைய இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஓரம் மஞ்சளாகி நடுநரம்பையொட்டிப் பச்சை நின்றால் மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் தெளியுங்கள். ஓரம் மட்டும் நெருப்புப் பட்டது மாதிரி கறுத்துக் காய்ந்தால் உப்பு. கட்டியைச் சரியாகக் கழுவவில்லை. வெயில் நாளில் 40 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டு, ஒரு வாரம் காயவிடுங்கள்.

இரகத்தைப் பொறுத்தும் பலன் மாறும். மலைவாழையும் மொந்தனும் குளிரைத் தாங்கும், இந்த வைத்தியத்துக்குச் சீக்கிரம் எழும். நேந்திரனும் செவ்வாழையும் மெதுவானவை. மூணாறு உயரத்தில் தொட்டியில் அவற்றைத் தார் வரை கொண்டுபோவது சிரமம்.

ஒரு தேதியை மட்டும் மறக்காதீர்கள். சூன் மழை. தென்மேற்குப் பருவம் இறங்கிவிட்டால் மூணாறில் வாரக்கணக்கில் தொட்டி காயாது, நார்த்தூள் கலவை தண்ணீரை விடவும் விடாது. அதற்குள் செடியில் ஆறு இலையாவது இருக்க வேண்டும். மே கடைசியில் பையைச் சாய்த்து அடித்துளைகளில் கம்பி விட்டு அடைப்பை எடுங்கள், பக்கவாட்டில் பையின் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் இன்னும் நான்கு துளை போடுங்கள். மண்மட்டம் இறங்கியிருக்கும். நிரப்ப நார்த்தூளைத் தேடாமல் உமிக்கரியும் மண்ணும் கலந்து போடுங்கள்.